ஆமைக்கு ஆலாத்தி

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஆலாத்தி எடுத்து உள்ளே அழைக்கப்பட்டது ஓர் ஆமை. அம்மாவும் அப்பாவும் கல்யாணம் முடித்து ஆக்லாந்தில் வந்து இறங்கியபோது, தட்டோடு வாசலில் காத்திருக்க இங்கே ஒருவரும் இருக்கவில்லை. நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியதாம். பிள்ளை நனையக்கூடாதென்று சம்பிரதாயத்தை மறந்து உள்ளே ஓடிவிட்டார்கள். அந்த யோகம் கடைசியில் ஆமைக்குத்தான் அடித்தது. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அப்போது எனக்கு எட்டு வயது. ஆக்லாந்தின் மாசி என்ற புறநகரில் இரண்டு அறைகளும் ஒரு கராஜும் உள்ள வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்காரப் பெண் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தார். இந்த ஊரில் அயலவர் எவராவது காணாமல் போனால் யாரும் பதறுவதில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போயிருப்பார் என்று விட்டுவிடுவார்கள். அவர் சோபாவை விற்றார், ஃப்ரிட்ஜை விற்றார். ஆமையை மட்டும் விற்க மனம் வரவில்லை. கொண்டுபோகவும் அந்த நாட்டில் விடமாட்டார்கள். ஆகவே வேலிக்கு மேலால் எந்நேரமும் அதையே பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் தந்துவிட்டார்.

அது ஃபிஜோவாப் பழங்கள் விழும் காலம். கொய்யாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான பழம் அது. குளிர்காலத்துக்கு முன்னால் எல்லார் வீட்டு முற்றத்திலும் பச்சை பச்சையாக விழுந்து கிடக்கும். சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளிராது. ஆமைக்குஞ்சும் அந்தப் பழத்தின் அளவுதான், நிறமும் ஏறத்தாழ அதுதான். ஃபிஜோ என்று பெயர் வைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் போவதற்கு முன் என்னைப் புல்லில் குந்தவைத்துப் பாடம் நடத்தினார். வளர்ந்த ஆமை குளிர்காலத்தைத் தூங்கியே கழிக்கலாம், குஞ்சைத் தூங்கவிடக்கூடாது. விளக்கின் கீழே சூடாக வைத்திருக்கவேண்டும், நாளும் களைகளைப் பிடுங்கித் தின்னக் கொடுக்கவேண்டும். சோறு, பாண், பழம் ஒன்றும் ஆகாது. குளிரில் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் அது அப்படியே அடங்கிப்போய்விடும். வசந்தம் வரும் வரைக்கும் அது சாப்பிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார். அதற்குப் பிறகு எனக்கு வாழ்க்கையில் வேறு வேலை இருக்கவில்லை.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் இரண்டடி பின்னால் போனார். ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் நொடிந்துபோகும் என்கிற பயம் எங்கள் ஆட்களுக்கு இரத்தத்தில் ஊறியது. அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். நோய், மரணம் எதற்கும் அசையமாட்டார். உள்ளங்கையளவு ஆமைக்கு அசைந்துவிட்டார்.

"உது வீட்டுப் படி ஏறக்கூடாது. சொல்லிப்போட்டன்."

நான் ஆங்கிலத்தில் அழுதேன். எனக்குத் தமிழ் நன்றாக விளங்கும். அழுகை மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அப்பா இரு தரப்பையும் கேட்டுவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். எங்கள் சமையலறையில் ஒரு கதவு இருக்கிறது; அதைத் திறந்து ஒரு படி இறங்கினால் கராஜ்.

"கராஜ் வீடில்லைத்தானே. செருப்போட போற இடமெல்லாம் வீடாகுமே?" என்றார்.

அம்மா யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். அந்தத் தீர்ப்பை அப்பா கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஏனென்றால் கராஜில் ஏற்கெனவே ஓர் ஆள் குடியிருந்தார்.

அது சித்தப்பா, அப்பாவின் தம்பி. பென்ரோஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்று விசா எடுத்து வந்தவர். வந்து ஒரு குளிரங்கி வாங்குவதற்குள் தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். வேறொரு முதலாளி கிடைத்தால்தான் விசா நிலைக்கும். அவரை ஹோலில் படுக்கச் சொன்னபோது, தான் குறட்டை விடுவதாகவும் கொஞ்ச நாளைக்குத்தானே என்றும் சொல்லிக் கராஜைத் தானே தேர்ந்தெடுத்தார். ஒருவரும் இரண்டாம் தரம் வற்புறுத்தவில்லை. அப்பா காரை வெளியே நிறுத்தினார். கராஜில் ஒரு மெத்தை, மறைப்புக்கு அம்மாவின் பழைய சேலை. சேலைக்கு அந்தப் பக்கம் சித்தப்பா, இந்தப் பக்கம் ஃபிஜோவின் பெட்டியும் விளக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் களை பிடுங்கப் போகவேண்டும்; அம்மா என்னைத் தனியே விடமாட்டார். முதல் நாள் நான் சேலையை விலக்கிச் சித்தப்பாவை உலுப்பி எழுப்பினேன். சில நாள்களில் நான் பல் தீட்டி முடிப்பதற்குள் அவர் மழையங்கியோடு கதவடியில் நிற்கத் தொடங்கினார். தெருவோரப் புல்லுக்குக் கவுன்சில்காரர்கள் மருந்து அடிப்பார்கள் என்பதால் பின்னால் இருக்கும் ஓடைக்கரைக்குப் போவோம். மஞ்சள் பூப் பூக்கும் டாண்டிலயன், குளோவர், வாழையிலை மாதிரி நரம்போடிய இலையுள்ள ஒரு பூண்டு. அந்தப் பூண்டுக்கு வாழைக்குட்டி என்று சித்தப்பா பெயர் வைத்தார். அவர் தமிழில் கேட்பார், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். இருவருக்கும் எல்லாம் விளங்கியது.

மழையில் குந்தியிருந்து புல்லுக்குள் துழாவும் எங்களைப் பார்த்தவர்கள் சாப்பாட்டுக்கு வழியில்லாத குடும்பம் என்றே நினைத்திருக்கவேண்டும். ஒருநாள் நாயோடு நடக்க வந்த ஒரு பெண் திரும்பிப் போய், பை நிறைய சில்வர்பீட் கீரை கொண்டுவந்து நீட்டினார். சித்தப்பா மரியாதையாக மறுப்பதற்கு ஆங்கிலம் தேடிக்கொண்டிருந்தபோது நான் "தாங்க்யூ" சொல்லி வாங்கிவிட்டேன். அம்மா அதைத் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தார். யார் தந்த கீரை என்று தெரிந்தபிறகு அப்பாவுக்கு வறை தொண்டையால் இறங்கவில்லை. சித்தப்பா அன்றைக்குத்தான் சிரித்தார். அவருக்கு ஒரு பல் தெற்றுப் பல் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஃபிஜோ வளர்ந்தது. ஓட்டின் கட்டங்களுக்கு இடையில் புதிதாக வெளிறிய கோடுகள் தெரிந்தன. சித்தப்பா நாளும் அதை உள்ளங்கையில் ஏந்தி, "இண்டைக்குப் பாரம் கூடியிருக்கு, பிள்ளை" என்பார். அவர் சொல்லாவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடம் போக மனம் வராது. ஓடு உறுதியாக வளர ஏதாவது கொடுக்கவேண்டும் என்றபோது அம்மாகூட உதவினார். கறிக்குக் கணவாய் துப்புரவாக்கும்போது உள்ளிருந்து வரும் வெள்ளை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, கதவைத் திறந்து, படியில் கால் படாமல் கராஜுக்குள் எறிந்தார். ஆமை அதைக் கறுக் கறுக்கென்று கடித்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. அம்மா கதவை உடனே மூடவில்லை.

ஒரு பூவில்தான் சண்டை வந்தது. எங்கள் வேலியோரம் செவ்வரத்தை நின்றது. குளிர்காலத்தில் எப்போதாவது ஒரு பூ பூக்கும். அது பிள்ளையார் படத்துக்கு. ஆமைகளுக்குச் செவ்வரத்தம்பூ என்றால் உயிர் என்று பள்ளிக்கூட நூலகத்தில் படித்துவிட்டு, நான் விடிய எழும்பி அதைப் பறித்து ஃபிஜோவுக்குக் கொடுத்தேன். அது கண்ணை மூடிக்கொண்டு தின்றது.

"சாமிக்கு வைக்கிற பூவை ஆமைக்குக் குடுக்கிறதோ? எங்கையாவது நடக்குமே?" அம்மா அன்று முழுக்க முணுமுணுத்தார். அதற்குப் பிறகு பூவை அவரே முதலில் போய்ப் பறித்துவிடுவார்.

சித்தப்பாவின் சாப்பாடும் என் பொறுப்பில்தான் இருந்தது. அவர் எங்களோடு மேசையில் இருக்கமாட்டார். "வெளியில சாப்பிட்டனான், அண்ணி" என்பார். வேலையில்லாதவர் எங்கே வெளியில் சாப்பிடுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. அம்மா ஒரு தட்டில் போட்டு மூடித் தருவார், நான் கராஜில் வைத்துவிட்டு வருவேன். பாதி திரும்பி வரும். சில நாள் முழுவதும் திரும்பி வரும். அம்மா அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் கரண்டியால் ஊட்டிவிட்டு வருகிறவர். பசியில்லை என்று சொல்கிறவர்களை அவருக்குத் தெரியும். எனக்கோ ஃபிஜோவின் தட்டுத்தான் பெரிது. ஃபிஜோ மிச்சம் விட்டால் கூச்சலிட்டு ஊரைக் கூட்டுவேன். சித்தப்பாவின் மிச்சத்தைக் குப்பையில் தட்டிவிட்டு விளையாடப் போவேன்.

ஆடி பிறந்தது. அப்பாவுக்குக் கிடங்கில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். வெளியே நின்று நின்று பனி குடித்த கார், தெருவில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வாரண்ட் சோதனையில் தேறவில்லை. சுடுதண்ணீர்த் தாங்கி ஒழுகியது. இவையெல்லாம் ஆக்லாந்தில் எல்லார் வீட்டிலும் நடக்கிறவை. ஆனால் ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்த கோயில் மாமி ஒருவர், விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக் கராஜுக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் கன்னத்தில் கைவைத்தார்.

"கராஜும் வீடுதான், தங்கச்சி. இது வந்த நாளில இருந்து உங்களுக்கு என்னென்ன நடந்தது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. வந்து சேர்ந்தது சரியில்லாட்டி வீடு எப்பிடி உருப்படும்?"

சேலைக்கு அந்தப் பக்கம் மெத்தையில் சித்தப்பா இருந்தார். சேலை மெல்லியது, அதற்குள்ளால் அவருடைய நிழல் தெரிந்தது. மாமி போகும் வரைக்கும் அந்த நிழல் அசையவில்லை. மாமியின் சொல்லைக் கேட்டு அம்மா ஃபிஜோவைத் துரத்திவிடுவாரோ என்று நான் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

துரத்தியது அம்மா அல்ல. அடுத்த நாள் சித்தப்பா சமையலறைக் கதவடியில் வந்து நின்றார்.

"ஹென்டர்சனில பெடியள் கொஞ்சப் பேர் ஒரு வீட்டில இருக்கிறாங்கள், அண்ணி. அங்கை போறன். ஆமையையும் கொண்டுபோறன். வீட்டுக்கு ஒரு பாரம் குறையுமெல்லே."

அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன்: ஆமை என்னுடையது, யாரும் கொண்டுபோக முடியாது, அந்தப் பெடியளுக்கு வாழைக்குட்டி எது என்றுகூடத் தெரியாது. நியாயமான வாதம், யாரும் கேட்கவில்லை. அம்மா மட்டும், "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்கோ, தம்பி" என்றார்.

சனிக்கிழமை புயல் அடித்தது. எங்கோ மரம் விழுந்து தெரு முழுக்க மின்சாரம் போனது. ஞாயிறு மத்தியானமாகியும் வரவில்லை. ஹோலில் விறகு அடுப்பு எரிந்ததால் நாங்கள் பிழைத்தோம். கராஜில் ஃபிஜோவின் விளக்கு அணைந்து கிடந்தது. நான் போய்ப் பார்த்தபோது பெட்டிக்குள் முதல் நாள் போட்ட களை அப்படியே வாடிக் கிடந்தது. ஆமை பெட்டிக்குள் இல்லை. சித்தப்பா மெத்தையில் குளிரங்கியை மூடிக்கொண்டு குந்தியிருந்தார். அங்கிக்குள், நெஞ்சோடு ஃபிஜோ. தலையும் காலும் உள்ளே இழுத்து, கல்லாகக் கிடந்தது. அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில், ஹென்டர்சனுக்குப் போகக் கட்டிவைத்த உடுப்புப் பெட்டி.

நான் "அம்மா!" என்று அலறினேன். அம்மா ஓடிவந்து படிக்கு மேலேயே நின்றார். ஆமையின் களையைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில், நேற்று நான் வைத்துவிட்டுப் போன சித்தப்பாவின் தட்டு மூடியபடி இருந்தது. அம்மா கராஜுக்குள் இறங்கி, குனிந்து அந்த மூடியைத் தூக்கினார். அதிலும் கை படவில்லை.

அம்மா மூடியைத் திரும்ப வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "இஞ்சாருங்கோ, வாழைப்பழம் இருக்கே?" என்று கேட்டார்.

"ஆமைக்கு வாழைப்பழம் ஆகாது!" என்றேன். அப்பாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"ஆலாத்திக்கு. இப்பவே உள்ளுக்கு எடுக்கிறம்."

"நீர்தானே படி ஏறக்கூடாது எண்டனீர்?"

"தானா ஊர்ந்து வந்தாத்தான் தோஷம். நாங்கள் ஆலாத்தி எடுத்துக் கூப்பிட்டா விருந்தாளி. விஷ்ணு எடுத்த அவதாரமெல்லே!"

"உது எந்தச் சாத்திரத்தில இருக்கு?"

"என்ர சாத்திரத்தில. வாழைப்பழத்தை எடுங்கோ."

பத்து வருஷமாக எங்கள் வீட்டில் விஷ்ணுவின் பேச்சே எழுந்ததில்லை. தேவை வந்ததும் அவரும் வந்துவிட்டார். அம்மா தட்டில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்திக் கொளுத்தினார். சித்தப்பா ஆமையை அதன் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து கதவடியில் நின்றார். ஆலாத்தி எடுத்த விதத்தில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். எடுத்து முடிந்ததும் பெட்டியை விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். அம்மா சாமிப் படத்தடிக்குப் போனார். பிள்ளையாருக்குக் காலையில் வைத்த செவ்வரத்தம்பூவை எடுத்துவந்து பெட்டிக்குள் போட்டார். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

"இனி ராவில ஆர் இதைப் பாக்கிறது? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எங்களுக்கு வேலை. தம்பி, மெத்தையை இஞ்சை கொண்டுவாங்கோ. உங்கட பெட்டியையும்."

நான் பார்க்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். அப்பா ஏற்கெனவே மெத்தையின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை நான் கண் விழித்ததும் பெட்டியடிக்கு ஓடினேன். ஃபிஜோவின் வாயோரத்தில் சிவப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. பூவில் பாதி இல்லை. நான் துள்ளிய துள்ளலில் சித்தப்பா எழுந்து, "கொஞ்சம் முந்தித்தான் சாப்பிடத் தொடங்கினது, பிள்ளை. நான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். அம்மா சுடச்சுட இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சித்தப்பா எங்களோடு இருந்து சாப்பிட்டார். நான் அதைக் கவனித்ததே, அவர் என் கதிரையில் இருந்ததால்தான்.

அந்த வாரம் வகுப்பில் வீட்டுச் செய்தியைச் சொல்ல என் முறை வந்தது. என் ஆமை குளிர்காலத்தை வென்றது என்றும், ஆமையின் தயவால் என் சித்தப்பாவுக்கு ஹோலில் படுக்க இடம் கிடைத்தது என்றும் பெருமையாகச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். வசந்தத்தில் சித்தப்பாவுக்கு ஹென்டர்சனில் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்தே போய்வந்தார். கோயில் மாமி மறுபடி வந்து, ஹோலில் விளக்கின் கீழே கால் நீட்டிக் கிடந்த ஃபிஜோவைப் பார்த்து மறுபடியும் கன்னத்தில் கைவைத்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார், விளக்கம் கொடுக்கவில்லை. ஃபிஜோ இப்போது பாதித் தேங்காயைக் கவிழ்த்துவைத்தது போல இருக்கிறது. போன வருஷம் சித்தப்பா இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கி, பால் காய்ச்சிக் குடிபுகுந்தபோது, முதலில் ஆமைதான் உள்ளே போகவேண்டும் என்று அடம்பிடித்தார். இதற்கிடையில் அவர் கல்யாணம் முடித்திருந்த சித்தியின் வீட்டு ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இனி என் குறை. ஆலாத்தியை ஒருவர் தனியாக எடுப்பதில்லை. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடிக்கவேண்டும். வீட்டில் இருந்த இரண்டாவது பெண் நான்தான். சித்தப்பா ஆமைப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றார். நாங்கள் மேலே நின்று தட்டைச் சுற்றினோம். அம்மா தட்டைப் பெட்டிக்கு நேரே பிடிக்கவில்லை. சித்தப்பாவின் முகத்துக்கு நேரே உயர்த்தினார். "லோவர், அம்மா, லோவர்!" என்று என் பக்கத்தைக் கீழே இழுத்தேன். அம்மா மேலே இழுத்தார். மஞ்சள் தண்ணீர் என் கைவழியே ஒழுகியது. மூன்று சுற்றும் அப்படியே போயின. பொட்டையும் அம்மா சித்தப்பாவின் நெற்றியில்தான் வைத்தார். ஆமை எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அம்மா ஆலாத்தி எடுக்கிறாரே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.